பால் கட்டின ஊர்

எங்கள் ஊர் ஒத்தப்பாறையில் வயசான பெண்களுக்கெல்லாம் பால் சுரந்த வருஷத்தில் நான் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கண்மாய்க்கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தபோது அறுபத்தோரு வயது வெள்ளத்தாயிக்குத்தான் முதலில் வந்தது. மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தவள், ரவிக்கையின் இடதுபக்கம் நனைந்திருப்பதைப் பார்த்து, வேர்வை என்று நினைத்து முந்தானையால் ஒற்றி, ஒற்றின துணியை மோந்து பார்த்து, அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னவென்று கேட்கக் குனிந்தவள் நிமிர்வதற்குள் அவளுக்கும் வந்தது. பொழுது உச்சிக்கு ஏறுமுன் பதினோரு பேர், வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதுக்கும் மேலே. மாதவிலக்கு நின்று பத்து வருஷம் ஆனவர்கள், பல் விழுந்தவர்கள், புருஷனைப் பறிகொடுத்துப் பொட்டழித்தவர்கள், எல்லோருக்கும் பச்சைப்பிள்ளைக்காரிக்குச் சுரப்பது போலச் சுரந்தது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஒரு காலத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளைதான் தங்கும். அடுத்துப் பிறந்ததும் பெண்ணாக இருந்தால் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ “போயிருச்சு” என்பார்கள். சீக்கா, பால் விக்கிச்சா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெற்றவள் ஒரு வாரம் கழித்துக் களையெடுக்கப் போவாள், ஊரும் அவளோடு சேர்ந்து போகும். அந்தக் காலம் முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது பால் வந்தது அப்படிப் போன பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு மட்டும்தான். ஒன்று போயிருந்தால் இடதுபக்கம் மட்டும் நனைந்தது, இரண்டு போயிருந்தால் இரண்டு பக்கமும் நனைந்தது. பெற்றதையெல்லாம் வளர்த்தவர்களுக்கு ஒரு சொட்டும் இல்லை. எந்த வீட்டில் எத்தனை என்று வாய்விட்டுப் பேசாமலே வாழ்ந்திருந்த ஊர், குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வருகிற பெண்ணின் ரவிக்கையைப் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டது.

ஆம்பளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்போதும்போல டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தோம்.

ஒரு மாதத்துக்குள் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பெண்கள் எல்லோரும் கறுப்பு, ஊதா, கருநீலம் என்று அடர்ந்த நிறத்தில் ரவிக்கை தைத்துக்கொண்டார்கள். உள்ளே துண்டை மடித்து வைத்துக்கொண்டார்கள். பால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பச்சைப்பிள்ளை பசித்து எழுகிற கணக்கில் வந்ததால், கண்மாய் வேலையில் மேற்பார்வை பார்க்கிறவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விசில் ஊதினார், பெண்கள் கருவேல மறைவுக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு வந்தார்கள், அங்கே மண் வெளுத்து எறும்பு மொய்த்தது. தாயை இழந்த ஆட்டுக்குட்டிகள் அவர்கள் பின்னாலேயே திரிந்தன. மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று யாரோ சொல்ல, டவுன் பூக்கடையிலிருந்து கூடை கூடையாக மல்லிகை என் பஸ்ஸில்தான் வந்தது. பூவே தொடாத விதவைகள் ரவிக்கைக்குள் மல்லிகையோடு நடந்தார்கள். ஊரே கல்யாண வீடு மாதிரி மணத்தது. ஆனால் பால் வற்றவில்லை. டவுனிலிருந்து டாக்டர்கள் வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கோயிலில் பொங்கல் வைத்தோம். ஒரு டி.வி.க்காரர் காமிராவோடு வந்தபோது ஊரே ஒன்றுகூடி, “அப்படியெல்லாம் இங்க ஒண்ணும் இல்ல சார், யாரோ கெளப்பிவிட்டது” என்று சொல்லி அனுப்பியது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்ற பெண்களின் முந்தானை நனைந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நாளில் அதற்கு ஒரு விளக்கமும் கிடைத்துவிட்டது. பாவம் செய்தது செத்துப்போன மாமியார்கள், பால் வடிவது மட்டும் பெற்றவள் மாரில். “எனக்குக் கண்ணுமுழிக்கத் தெம்பில்ல, மயங்கிக் கெடந்தேன், எந்திரிச்சுப் பார்த்தா பிள்ளை இல்ல, எல்லாம் எங்க அயித்த வேலை” என்று ஒருத்தி சொல்ல, அடுத்தவளும் அதையே சொன்னாள். செத்தவர்கள் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்பதால் அந்தப் பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், ஊர் அதற்குள் மனம் மாறிவிட்டிருந்தது. இப்போது பெண்பிள்ளை பிறந்தால் பஸ் ஸ்டாப்பில் பேனர் வைக்கிறார்கள், மகாலட்சுமி வந்துவிட்டாள் என்று லட்டு கொடுக்கிறார்கள். பையன்கள் திருப்பூருக்குப் போய்த் திரும்பாததும், திரும்பினவர்கள் டாஸ்மாக் வாசலில் கிடந்ததும், பெண்கள் தாய் தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும்தான் காரணம். என் அய்யா டீக்கடையில் சத்தமாகச் சொல்வார்: “பொம்பளப் பிள்ளைதான்யா பிள்ளை. ஏன் மக இல்லேன்னா எனக்குக் கண்ணு ஆபரேசனே நடந்திருக்காது. இந்தா இருக்கானே, இவன் பஸ்ல டிக்கெட்டுக் கிழிக்கத்தான் லாயக்கு.” எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவர் பெருமையாகச் சொல்லும் அந்த மகளுக்கு, என் அக்காவுக்கு, அவர் வைத்த பெயர் போதும்பொண்ணு. பிறந்தது முதல் பிள்ளை, அதற்கே போதும் என்று பெயர். அவள் டவுனில் டீச்சராக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பூங்கொடி டீச்சர் என்றால்தான் தெரியும்.

எனக்கு இருபத்தெட்டு வயது முடிந்தும் பெண் அமையவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாண வயதில் பெண்ணே இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை என்று உறுதியாக நம்பியிருந்தேன். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெண் பிறந்து வலிப்பு வந்து போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். பால் வந்த முதல் வாரம் ஆத்தாவின் ரவிக்கை காய்ந்தே இருந்தது. அந்தத் தைரியத்தில், பஸ்ஸில் ஒருத்தர், “ஒங்க ஆத்தா எப்படிடா தவமணி?” என்று கேட்டபோது, “எங்க ஆத்தாவுக்கு ஒண்ணும் கெடையாது. எங்க வீட்டுல அந்த மாதிரியெல்லாம் நடக்காது” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். வெள்ளத்தாயி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் தடவையும் சொன்னேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஆத்தா குழம்புச் சட்டியோடு சரிந்தாள். தூக்கப் போனால் உடம்பு அனலாகக் கொதித்தது. மாரில் கல்லைக் கட்டிவைத்தது போல இருந்தது. அய்யாவின் பழைய வேட்டியைக் கிழித்து, மூச்சுமுட்ட ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றியிருந்தாள். அவிழ்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, “வேணாம் தவம். நீ பாக்காத” என்றாள்.

துணை சுகாதார நிலையம் எங்கள் தெருவின் கடைசியில் இருக்கிறது. பின்பக்கம் நர்சுக்கு வீடு. அப்போது இருந்தவர் ஜெபமலர் நர்சம்மா, தூத்துக்குடிப் பக்கம், முப்பது முப்பத்தோரு வயது, கப்பலில் வேலை பார்க்கிற புருஷன், வயிற்றில் ஏழு மாதம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவது கேட்டது.

“இப்படி இறுக்கிக் கட்டலாமா பெரியம்மா? பால் கட்டிக்கிட்டுச் சீழ் பிடிச்சிரும். பீய்ச்சி வெளியேத்தணும்.”

“வெளிய தெரிஞ்சிருமேன்னுதான் நர்சம்மா.”

“தெரிஞ்சா என்ன?”

கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரத்தில் பால் விழுகிற சத்தமும் ஆத்தா வலியில் முனகுகிற சத்தமும் கேட்டன.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதி வழியில் கேட்டேன்: “அப்பத்தாதான ஆத்தா?”

அவள் நிற்காமலே, “வெயிலு சுள்ளுனு அடிக்குது, வெரசா வா” என்றாள்.

ஆமாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே அப்பத்தா படத்துக்கு மாட்டியிருந்த பிளாஸ்டிக் மாலையைக் கழற்றிப் பரண்மேல் எறிந்தேன். ஆத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

புரட்டாசியில் நர்சம்மாவுக்கு நாளுக்கு முன்னாலேயே வலி கண்டு, டவுனில் ஆபரேசன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. உள்ளங்கையளவுதான் இருந்தது. ரத்தம் நிறையப் போய்விட்டதால் தாய்க்குப் பால் வரவில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, குழாய் வழியாகப் பால் ஏற்றி, தேறிவிட்டது என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மாவுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததைக் கக்கியது, வயிற்றால் போனது. நாளுக்கு நாள் தோல் சுருங்கிக்கொண்டு போனது.

அந்தப் பிள்ளை அழும். பூனைக்குட்டி கத்துகிற அளவுதான் சத்தம். ஆனால் அது அழுதால் எங்கள் தெருவில் அத்தனை பெண்களுக்கும் பால் பீறிட்டது, இரண்டு மணி நேரக் கணக்கெல்லாம் போய்விட்டது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கும், மாவு மில்லில் நின்றவர்களுக்கும், துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கையில் இருந்த வேலை அப்படியே நிற்க, மடித்து வைத்த துண்டையும் மீறி வயிற்றில் வழிந்தது. எல்லோரும் நர்சம்மா வீட்டுப் பக்கம் பார்ப்பார்கள். ஒருத்தரும் போகவில்லை. போனால், தன்னிடம் பால் இருக்கிறது என்று தானே வாயைத் திறந்து ஒத்துக்கொண்டதாகும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு, வாயால் சொல்வது வேறு என்று எங்கள் ஊர் அத்தனை வருஷமும் வாழ்ந்திருந்தது. ஒருத்தி மட்டும் டம்ளரில் பீய்ச்சி, மூடி, விடியற்காலையில் நர்சம்மா வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். யார் வைத்தது, எப்போது வைத்தது என்று தெரியாத பாலை நர்சம்மா எப்படிக் கொடுப்பார்? கீழேதான் ஊற்றினார்.

ஒருநாள் காலையில் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக என் பஸ்ஸில் ஏறினார். உட்கார இடம் கொடுத்தேன். டிக்கெட் வேண்டாம் என்றேன்.

“டிக்கெட்டைக் குடுங்க தம்பி” என்றவர், பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “ஒங்க ஊருல பால் ஆறா ஓடுது. தரையில கொட்டுறீங்க, ஆட்டுக்குட்டி குடிக்குது. எம் பிள்ளை பட்டினி கெடக்கு.”

பஸ்ஸில் அன்றைக்கு முப்பது பேர் இருந்தோம். இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது ஆத்தாவிடம் இதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவள் சோற்றில் கைவைத்திருந்தாள். பிசைந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். கை கழுவினாள். அறைக்குள் போய் வெளிர் மஞ்சள் ரவிக்கை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள், உள்ளே துண்டு வைக்கவில்லை. வாசலைத் தாண்டுமுன்பே இடதுபக்கம் நனைந்து வயிறு வரைக்கும் இறங்கிவிட்டது. நடுத்தெருவில், நல்ல வெயிலில், முந்தானையை இழுத்துவிடாமல் நடந்தாள். நான் பின்னால் போனேன். டீக்கடையைத் தாண்டும்போது அய்யா கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்தார். பெண்கள் ஒவ்வொரு வாசலாக வெளியே வந்து, கொஞ்ச தூரம் விட்டு, கூடவே வந்தார்கள்.

நர்சம்மா பிள்ளையோடு திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஆத்தாவையும் அவள் பின்னால் வந்த கூட்டத்தையும் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

“பிள்ளையக் குடுங்க நர்சம்மா” என்றாள் ஆத்தா.

நர்சம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டார். “எனக்குத் தெரியும் பெரியம்மா. இந்த ஊருக்கு வந்த அன்னிக்கே பழைய பிறப்பு இறப்பு ரிஜிஸ்டர்ல பாத்துட்டேன். ஆனா எம் பிள்ளைய ஒங்க கையில தர்றதுக்கு முன்னாடி ஒங்க வாயால கேக்கணும். என்ன நடந்துச்சு?”

“அப்பத்தா…” என்று நான் ஆரம்பித்தேன்.

“நீ சும்மா இரு” என்றாள் ஆத்தா. என் பக்கம் திரும்பவில்லை. நர்சம்மாவைப் பார்த்தே பேசினாள்.

“எங்க அயித்தமேல பழியப் போட்டு வச்சிருக்கேன் நர்சம்மா. ஏன் மகன்கூட இன்னிக்குவரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கான். அவுக அன்னிக்கு ஊருலயே இல்ல. மக வீட்டுக்குப் போயிருந்தாக. அவுக திரும்பி வந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. வாசல்லயே உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதாக. அதுக்கப்பறம் சாகுறவரைக்கும் ஏங்கூடப் பேசல. ஏன் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. மாமியா மருமக சண்டைன்னு ஊரு நெனச்சுக்கிருச்சு. நானும் அப்படியே விட்டுட்டேன்.”

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

“அப்ப யாரு?” என்றார் நர்சம்மா.

“நாந்தான். யாரும் என்னைய மெரட்டல, யாரும் சொல்லல. மருந்தோ எருக்கம்பாலோ நான் குடுக்கல. பால் குடுக்கல, அவ்வளவுதான். சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அழுதுச்சு. அழ அழ எனக்கு இங்ஙன கட்டிக்கிட்டு உசுரு போச்சு. ஒழுகாம இருக்கத் துணியச் சுத்தி இறுக்கிக் கட்டினேன். மூணு நாளு. ரெண்டாம் நாளு வெரலச் சூப்பத் தேடுச்சு, அதுக்கு வெரலு வாயில சிக்கல. நான் பாத்தேன். பாத்துட்டுத் திரும்பிக்கிட்டேன். மூணாம் நாளு அழுகையே நின்னுபோச்சு.” அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. “அதுக்கு மறு வருசம் இவன் பொறந்தான். இவனுக்கு நாலு வயசுவரைக்கும் பால் குடுத்தேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பெயர் தவமணி. தவம் கிடந்து பெற்றவன் என்று அர்த்தம்.

அய்யா கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். ஆத்தா அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் யாரும் சொல்லவில்லை என்று அவள் சொன்னபோது அவர் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிள்ளை முனகியது. சுற்றி நின்ற நாற்பது பெண்களுக்கும் நனைந்தது, ஒருத்தியும் முந்தானையை இழுக்கவில்லை. கடைசியில் நர்சம்மா கொஞ்சம் நகர்ந்து, “உக்காருங்க” என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. பிள்ளையை ஆத்தாவின் மடியில் வைத்தார், ஆனால் பிள்ளையின் தலைக்கு அடியில் கொடுத்திருந்த தன் கையை எடுக்கவில்லை. பிள்ளை தேடியது, தவறவிட்டது, மறுபடி தேடியது, பிடித்துக்கொண்டது. ஆத்தா பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். பிள்ளை குடித்து முடித்துத் தூங்குகிறவரைக்கும் நர்சம்மாவின் கை அங்கேயே இருந்தது. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். அந்தப் பிள்ளை தேறி எழுந்த நாலு மாதமும், ஒரு தடவைகூட அவர் கையை எடுத்ததில்லை.

அடுத்த நாள் வெள்ளத்தாயி போனாள். அவளை நர்சம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே வாசற்படியில் நின்று சொன்னாள். பிறகு ஒவ்வொருத்தராகப் போனார்கள். சிலர் கத்தி அழுது சொன்னார்கள், சிலர் காய்கறி விலை சொல்வது மாதிரி சொன்னார்கள், ஒருத்தி சொல்ல வந்து சொல்ல முடியாமல் மூன்று நாள் வந்து வந்து திரும்பினாள். ஏழெட்டுப் பேர் கடைசிவரைக்கும் போகவே இல்லை. சொன்னவர்களுக்குப் பால் நிற்கும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. சொன்னவர்களுக்கும் வந்தது, சொல்லாதவர்களுக்கும் வந்தது.

ஒரு பிள்ளை குடிக்கிற அளவா அது? டவுன் ஆஸ்பத்திரியில் நாள் நிறையாமல் பிறந்த பிள்ளைகளுக்கும், தாய் இல்லாத பிள்ளைகளுக்கும் பால் தேவைப்படுகிறது என்று நர்சம்மாதான் ஏற்பாடு செய்தார். டாக்டர்கள் சோதித்துப் பார்த்து, பால் நல்ல பால், ஒரு குறையும் இல்லை என்றார்கள். தினமும் காலை ஏழேகால் நடையில் ஐஸ் பெட்டியில் பால் புட்டிகளை அடுக்கி நான் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தேன். டிரைவர் பள்ளம் மேடு பார்த்து ஓட்டினார். அங்கே அந்தப் பாலைக் குடித்ததில் பாதிக்குமேல் பெண்பிள்ளைகள் என்று கேள்விப்பட்டு எங்கள் பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊர் அதையும் பெருமையாக்கிக்கொண்டது. எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. டீக்கடையில் யாரோ, “மாவட்டத்துலயே நம்ம ஊருப் பால்தான்யா போகுது” என்றார்கள். இன்னொருத்தர், “நம்ம பொம்பளைகளுக்கு மனசு அப்படி” என்றார். கொஞ்ச நாளில் பால் ஏன் வந்தது என்பதையே ஊர் மறந்தது போல நடந்துகொண்டது. ஊர் எல்லையில் ‘தாய்ப்பால் தந்த ஒத்தப்பாறை தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று பேனர் வைத்தார்கள். அதில் ஆம்பளைகள் படம்தான் போட்டிருந்தது, கும்பிட்டபடி, வரிசையாக. எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியது என் அய்யாதான். நர்சம்மா வீட்டு வாசலில் அன்றைக்கு நடந்ததற்குப் பிறகு ஆத்தாவும் அவரும் வீட்டில் பேசிக்கொள்வதில்லை. வீட்டில் பேசாத பேச்சையெல்லாம் அவர் கடையில் பேசினார். “முதல்ல குடுத்தது ஏன் பொண்டாட்டியாக்கும்” என்பார். நான் பஸ்ஸை எடுக்கச் சொல்லி விசில் ஊதிவிடுவேன்.

தை மாதம் ஊருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், ஆம்பளைகளுக்கு நாற்காலி, பெண்களுக்கு ஜமுக்காளம். மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார், நல்ல மாதிரி, எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். தியாகத் தாய்மார்கள் என்று பேசினார்கள். முதலில் பால் கொடுத்த சீனியம்மாளை, எங்கள் ஆத்தாவை, மேடைக்கு வரும்படி அழைத்தார்கள். ஆத்தா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் அழைத்தார்கள். அவள் அசையவில்லை. “வீட்டுக்காரர் வாங்கிக்கட்டும்” என்று யாரோ சொல்ல, அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். சிரித்துக்கொண்டுதான் ஏறினார்.

அந்த அதிகாரி கேடயத்தைக் கொடுக்குமுன், நாலு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை அவர் பக்கம் திருப்பி, அன்பாகக் கேட்டார்: “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க ஐயா?”

“ரெண்டுங்கம்மா” என்றார் அய்யா. மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. தன் குரலையே கேட்டவர் போலக் கொஞ்சம் நின்றார். பெண்கள் பக்கம் பார்த்தார். பிறகு, “மூணுங்கம்மா” என்றார்.

அதிகாரி சிரித்தார். “மூணு பேரும் என்ன பண்றாங்க?”

“மூத்தவ டவுன்ல டீச்சரா இருக்கா. கடைசிப் பய மினி பஸ்ல கண்டக்டரு.”

“நடுவுல உள்ளவங்க? பையனா, பொண்ணா?”

“பொண்ணு” என்றார் அய்யா. கைத்தாங்கலுக்கு மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நான்தாம்மா சொன்னேன். எட்டிப் பாத்துட்டு, இதுவும் பொட்டையான்னு சொல்லிட்டு வயலுக்குப் போயிட்டேன். மூணு நாளும் வீட்டுக்கு வரல. அழுகுற சத்தம் வயலுக்குக் கேக்காதுல்ல. அவ என்னையச் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல.”

அதிகாரிக்கு அப்போதும் புரியவில்லை. அவர் மெதுவாக, “அவங்க இப்ப என்ன பண்றாங்க ஐயா?” என்று கேட்டார்.

“பசியோட இருக்காம்மா” என்றார் அய்யா.

யாரும் கைதட்டவில்லை. அதிகாரி கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அய்யா அதை வாங்கவில்லை. படியைத் தடவித் தடவி இறங்கி வந்தார். முன்வரிசையில் அவருக்குப் போட்டிருந்த நாற்காலிக்குப் போகவில்லை. பெண்கள் பக்கம் போய், ஜமுக்காளத்துக்கு வெளியே, மண்ணில், ஆத்தாவுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ஆத்தா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

ஆம்பளைகள் பக்கத்தில் நாங்கள் எல்லோரும் நாற்காலியில் இருந்தோம். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உட்கார்ந்தேதான் இருந்தேன்.